இந்தப் பையை அடுக்கியது யார்

மகளுக்கு மெல்பேர்னில் பிள்ளை பிறந்தபோது என் மனைவிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நீண்ட விமானப் பயணம் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே நான் போவதென்று முடிவாயிற்று. பிள்ளை பெற்ற வீட்டில் எழுபத்துமூன்று வயது ஆணால் என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை. நான் போவது சரக்குத்தூளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சரக்கு என்பது மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாவற்றையும் வறுத்து இடித்த தூள். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் ஆட்கள் முதல் மாதம் அதில்தான் கறி வைப்பார்கள். இங்கே கொழும்பில், வெள்ளவத்தைக் கடைகளில் பைக்கற்றில் கிடைக்கும். மெல்பேர்னிலும் கிடைக்கும் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள். மனைவி தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, பல்கனியில் மல்லியைக் காயப் போட்டாள். ஆஸ்பத்திரியில் மகளுக்குக் குளிர்ந்த சாண்ட்விச்சும் ஐஸ் போட்ட தண்ணீரும் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. ஒரு காலை நீட்டிக் கதிரையில் இருந்தபடி முழுவதையும் தானே வறுத்தாள். இடிக்க மட்டும் ஆலைக்குக் கொடுத்தாள். தன்னால் போக முடியாத இடத்துக்கு அவள் அனுப்பக்கூடியது அது ஒன்றுதான்.

பெரிய பெட்டி தொலைந்துபோகக் கூடும். ஆகவே சரக்கைக் கைப்பையில் வைப்பதென்று இருவரும் ஒத்துக்கொண்டோம். நாங்கள் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் அதிகமில்லை. கைப்பைக்கு ஏழு கிலோ. அவள் அடுக்கி முடித்த பின் நான் எனக்குத் தேவையான சிலவற்றை மேலே வைத்து, கொளுவித் தூக்கும் தராசில் நிறுத்தேன். ஆறு கிலோ எண்ணூறு கிராம். இருநூறு கிராம் மிச்சம் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு மேல்மாடி ரீச்சர் வந்தார். வெள்ளவத்தையில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அது அவருடைய சொந்த விஷயமல்ல. அடுக்குமாடியில் உள்ளவர்கள் அந்தப் பயணத்தில் ஒரு மூலையைத் தங்களுடையது என்று நினைப்பார்கள். நாங்களும் மற்றவர்களின் பயணங்களில் அப்படித்தான் நினைத்திருக்கிறோம்.

"அண்ணை, மகனுக்குக் கொஞ்சம் பருத்தித்துறை வடை. காத்து மாதிரி, பாரமே இல்லை" என்றார்.

காற்று தொளாயிரம் கிராம் இருந்தது. அரை மணித்தியாலம் கழித்து, நாங்கள் அரிசி வாங்கும் கடைக்காரர் மாளிகாவத்தையிலிருந்து தன் மச்சான் செய்து கொடுத்த மஸ்கட் அல்வாவுடன் வந்தார்.

"சேர், எங்கட தம்பியும் மெல்பேர்ன்லதான். எயார்போட்டுக்கே வந்து எடுத்துக்குவான். உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல."

அதுவும் தொளாயிரம் கிராம். பெரிய பெட்டியிலோ முந்நூறு கிராமுக்குத்தான் இடமிருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இரண்டு பார்சலையும் வாங்கிக் கைப்பைக்குள் சரக்கின் இரு பக்கமும் முட்டுக்கொடுத்து வைத்தாள். உடைபடாமல் இருக்குமாம்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில், பதிவு மேசையிலிருந்த பெண் என் கடவுச்சீட்டைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் கேட்டாள்: இந்தப் பையை நீங்களா அடுக்கினீர்கள்?

"இல்லை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வேறு யாராவது ஏதாவது கொண்டுபோகத் தந்தார்களா என்று கேட்டாள். இரண்டு பேர் தந்தார்கள் என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியுமா? ஒன்று வடை என்று சொன்னார்கள், மற்றது மஸ்கட் என்று சொன்னார்கள், நான் பிரித்துப் பார்க்கவில்லை என்றேன்.

"அங்கிள், நான் திரும்பவும் கேக்கிறேன்" என்று மெதுவாகத் தமிழில் சொன்னாள். "நீங்கதானே அடுக்கின?"

அவள் எனக்கு உதவி செய்கிறாள் என்பது விளங்கியது. ஆனால் நாற்பத்தைந்து வருடத் திருமண வாழ்வில் நான் ஒரு பையும் அடுக்கியதில்லை. அதை ஒரு விமான நிலையத்தில் போய் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அடுக்கினது மனைவி. மேலே கொஞ்சம் நான் வைச்சனான்" என்றேன்.

மேலதிகாரி வந்தார். பையைத் திறந்து, மண்ணிறத் தூளைக் காட்டி, "மே மொனவத?" என்று, இது என்னவென்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்கான சரக்கு என்பதற்கு எனக்குச் சிங்களத்தில் சொல் தெரியவில்லை. பிள்ளை, அம்மா, கறி என்று மூன்று சொல் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். பார்சல்களைப் பிரித்துப் பார்த்தார். அவற்றில் வடையும் மஸ்கட்டும்தான் இருந்தன. பிறகு பையைத் தராசில் வைத்தார். எட்டு கிலோ அறுநூறு. குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

வழியனுப்ப வந்த மனைவி வெளியே தடுப்புக் கம்பியருகில் பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா, ஏன் திரும்பி வாறியள்?"

"ஒரு கிலோ அறுநூறாவது எடுக்கவேணும். ரீச்சரின்ர வடையையும் அந்த மஸ்கட்டையும் விட்டிட்டுப் போறன்."

"நம்பித் தந்த சாமான். நாளைக்கு நான் அந்த மனுசியை லிஃப்டில என்ன முகத்தோட பாக்கிறது?"

"அப்ப சரக்கில பாதியை எடு."

அவள் பையைத் தரையில் வைக்கச் சொல்லி, குனிய முடியாததால் பொல்லால் ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான் எடுத்துக் கொடுத்தேன். குடை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. என் வைத்திய அறிக்கைகள் அடங்கிய கோப்பு. ரோர்ச் லைட்.

"அங்க கரண்ட் போறேல்லை. இது என்னத்துக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"தராசையும் எல்லே வைச்சிருக்கிறியள்."

"திரும்பி வரேக்க நிறுக்க வேண்டாமே?"

"வரேக்க ஆர் உங்களிட்டச் சாமான் தரப்போகினம்?"

மீண்டும் நிறுத்தபோது ஆறு கிலோ அறுநூற்றைம்பது. என்னுடையது என்று பையில் ஒரு மூக்குக் கண்ணாடி மட்டும் இருந்தது.

மெல்பேர்னில் இறங்குமுன் தந்த அட்டையில் உணவு கொண்டுவந்திருக்கிறேன் என்று குறித்தேன். அதிகாரி ஒவ்வொரு பைக்கற்றாகப் பார்த்தார். சரக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூளாக இருப்பதால் பரவாயில்லை என்று திருப்பித் தந்தார். அதனடியில் மனைவி எனக்குச் சொல்லாமல் வைத்திருந்த முழு மல்லியை மட்டும் எடுத்துக்கொண்டார். விதை கொண்டுவரக் கூடாதாம். கடைக்காரரின் தம்பி வெளியே நின்றார். வடையை ரீச்சரின் மகன் மறுநாள் வந்து எடுத்துப் போனார்.

மருமகன் வேலைக்குப் போய்விட்டார். மகள் எழும்பி நிற்க முடியாத நிலையில் இருந்தாள். கோழிக்கறியை நான்தான் வைக்க வேண்டியிருந்தது. வீடியோவில் மனைவியைக் கூப்பிட்டேன்.

"தூள் எவ்வளவு போடுறது?"

"ஒரு கை."

"எத்தினை கரண்டி எண்டு சொல்லும்."

"கை எண்டால் கைதான்."

"உம்மட கையோ, என்ர கையோ?"

"என்ர கை."

என்னிடம் அவளுடைய கை இல்லை. யோசித்து, மேசைக்கரண்டியால் இரண்டரைக் கரண்டி போட்டேன். கறி கறுப்பாக வந்தது. மகள் கட்டிலில் சாய்ந்திருந்து சோற்றில் பிசைந்து சாப்பிடத் தொடங்கினாள். நன்றாக இருக்கிறதென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. கறியை இரண்டாம் முறையும் கேட்டாள். அதை மனைவியிடம் சொல்லத் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

"உங்களை ஆர் பாக்கிறது? அங்கால திருப்புங்கோ" என்றாள்.

கட்டிலருகில் நின்று, சோற்றுக் கோப்பையும் மகளின் முகமும் தெரியும்படி பிடித்தேன். கை வலித்தது. மற்றக் கைக்கு மாற்றினேன். கொழும்பில் யாரும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பயந்து திரையைப் பார்த்தேன். அவள் இருந்தாள்.

"மூக்கைத் துடைக்கிறாள்" என்றாள் கடைசியாக. "தூள் கூடிப்போச்சு. நாளைக்கு அரைக் கரண்டி குறையுங்கோ."