மூன்று இடத்தில் கேட்ட ஒரே கேள்வி

கடைவீதியில் அவளுக்குக் கண்ணாடிக்கார அக்கா என்றுதான் பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடையின் முன்பக்கத்தில் கண் பரிசோதிப்பது, ஃபிரேம் எடுத்துக் கொடுப்பது, போட்டுப் பார்க்கிறவரின் காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா என்று தடவிப் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. உள்ளறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைப்பது அவள் கணவர் வேலை. மனிதர் அதிகம் பேசமாட்டார். தேய்க்கிற மெஷின் போடும் சத்தத்துக்கு மேலே பேசி என்ன ஆகப்போகிறது என்று எப்போதோ முடிவுகட்டிவிட்டவர்.

கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பதினோரு வருஷத்துப் பழசு. யார் எப்போது வந்தார்கள், எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பவர், எல்லா விவரமும் அதற்குள்தான். பக்கத்தில் ஒரு சின்ன பிரிண்டர். பரிசோதனை முடிந்ததும் உள்ளங்கை அகல அட்டையில் பவரை அச்சடித்துத் தள்ளும். ஒருநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இதிலிருக்கும் மென்பொருளுக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் புதியதைத் தாங்காது என்று.

"வீட்டைக் காலி பண்ணு, ஆனா வேற எந்த வீட்லயும் உன்னைச் சேர்க்க மாட்டோம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் கணவரிடம்.

"தம்பியைக் கேளு" என்றார் அவர்.

அவருடைய தம்பி நெட்வொர்க் இஞ்சினியர். எதைக் கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்தவன். எங்கே நிறுத்தவேண்டும் என்று மட்டும் தெரியாதவன். சொன்ன அன்றே வந்துவிட்டான். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் திறந்து தூசியை ஊதிவிட்டு, "கவலையை விடுங்க அண்ணி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம். இலவசம். இந்தக் கிழட்டு மெஷின்லயும் ஓடும்" என்றான்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் அவன் அதோடு விடவில்லை.

"ஆனா லினக்ஸ்னா ஒண்ணு கிடையாது. நூத்துக்கணக்குல டிஸ்ட்ரோ இருக்கு. உள்ளே இருக்குற அடிப்படை ஒண்ணுதான். அதை ஒவ்வொரு கூட்டமும் தன் இஷ்டத்துக்குக் கட்டி வெளியிடும். நீங்கதான் எதுன்னு முடிவு பண்ணணும்."

"லென்ஸ் ஒண்ணுதான், ஃபிரேம் வேற வேறன்னு சொல்றீங்களா?"

"ஏறக்குறைய அப்படித்தான்" என்று மனசில்லாமல் ஒப்புக்கொண்டான். மறுநாள் மூன்று டிஸ்ட்ரோக்களை ஒப்பிட்டு இருபத்திரண்டு வரிகளில் ஓர் அட்டவணை அனுப்பினான். முதலாவதற்குப் பக்கத்தில் மட்டும் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தான். தான் பயன்படுத்துவது அதுதான் என்பதை அடைப்புக்குறிக்குள் அடக்கமாகக் குறிப்பிட்டிருந்தான்.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அட்டவணையைக் கணவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "ஏழாவது வரியில ஒரு எழுத்துப்பிழை இருக்கு" என்றார்.

அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். இங்கே கண்ணாடி வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு ஃபிரேமின் உலோகத்தைப் பற்றித் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு ஒரு திருகு கழன்றால் யாரிடம் போய் நிற்கலாம், போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் போட்டுக் கொடுப்பார்களா என்று பார்த்துத்தான் வருகிறார்கள். தானும் அப்படியே பார்த்தால் என்ன?

மூன்று டிஸ்ட்ரோக்களுக்கும் இணையத்தில் தமிழில் பேசும் குழுக்கள் இருந்தன. ஒரே கேள்வியை மூன்றிலும் போட்டாள். "கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பழைய கம்ப்யூட்டர், அதைவிடப் பழைய அட்டை பிரிண்டர். உங்கள் டிஸ்ட்ரோவில் இந்த பிரிண்டர் வேலை செய்யுமா? எனக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்." கூடவே பிரிண்டரின் படம்.

முதல் குழுவில் பத்தே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. "ஏற்கெனவே பலமுறை கேட்கப்பட்ட கேள்வி. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கவும்." அடியில் கேள்வி மூடப்பட்டது என்று பூட்டுப் படம். முகத்தில் அடித்தாற்போல இருந்தது. மெனக்கெட்டுத் தேடினாள், அவள் பிரிண்டரைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை.

இரண்டாவது குழுவில் ஒருவர் "வேலை செய்யும்" என்றார். இன்னொருவர் "செய்யும், ஆனால் பழைய முறையில்தான்" என்றார். பழைய முறை என்று எதைச் சொல்கிறீர்கள் என்று மூன்றாமவர் கிளம்பினார். சாயங்காலத்துக்குள் நாற்பது பதில்கள். பிரிண்டர் எப்போதோ காணாமல் போயிருந்தது. யார் எந்த வருஷம் யாரை என்ன சொன்னார் என்பதில் வந்து நின்றிருந்தார்கள்.

மூன்றாவது குழுவில் ஒரு நாள் வரைக்கும் சத்தமே இல்லை. மறுநாள் மத்தியானம் நத்தை என்று புனைபெயர் வைத்திருந்த ஒருவர் எழுதியிருந்தார்.

"வாங்க. தாமதத்துக்கு மன்னிச்சுக்குங்க, இதே பிரிண்டர் வெச்சிருக்கிற ஒருத்தரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டுட்டு வந்தேன். வேலை செய்யும். ஆனா அட்டை அளவை ஒரு தடவை கையால சொல்லிக் குடுக்கணும். அட்டை எத்தனை மில்லிமீட்டர்னு அளந்து வைங்க. மத்ததை ஒண்ணொண்ணா பார்த்துக்கலாம்."

அதற்குக் கீழே முன்பின் தெரியாத நாலு பேர் வணக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் தன் அம்மாவுக்குப் படிக்கிற கண்ணாடியும் தூரப்பார்வைக் கண்ணாடியும் தனித்தனியாக வாங்கலாமா என்று கேட்டிருந்தார். அவள் அதற்கு ஒரு பத்தி பதில் எழுதினாள். அதை எழுதி முடித்தபோதே எந்த டிஸ்ட்ரோ என்று அவள் முடிவும் செய்திருந்தாள்.

கொழுந்தனுக்குத்தான் சுருதி இறங்கிவிட்டது. "மூணாவதா? அது புதுசா வர்றவங்களுக்கானது, அண்ணி."

"நான் புதுசா வர்றவதானே."

"வேகம் பார்த்தீங்களா? பன்னிரண்டாவது வரி."

"வேகமா ஓடி எங்கே போகப்போறேன், இந்தக் கடைக்குள்ள."

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளே உட்கார்ந்து போட்டாள். குழுவில் சொன்ன வரிசைப்படி செய்ததில் ஒரு மணி நேரத்தில் புதுத் திரை வந்துவிட்டது. வாடிக்கையாளர் விவரங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பிரிண்டர்தான் விளையாட்டுக் காட்டியது. அட்டையில் வலது கண் பவர் பளிச்சென்று விழுந்தது. இடது கண் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் வாடிக்கையாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இன்னொரு கண்ணு?"

"அது நல்லா இருக்குங்க. அட்டைக்குத்தான் கோளாறு" என்று சொல்லி இடது கண்ணைப் பேனாவால் எழுதிக் கொடுத்தாள்.

மத்தியானம் குழுவில் கேட்கலாம் என்றிருந்தவள், அதற்குள் கொழுந்தன் போன் செய்யவே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் போனிலேயே இதை மாற்று, அதை நீக்கு, கையோடு அதையும் செய் என்று நாலு வேலை சொன்னான். நாலையும் செய்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்து நின்றது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. "அப்படியெல்லாம் ஆகாதே" என்று கொழுந்தன் சொன்னான். அதற்குள் அவனை ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட, போனை வைத்துவிட்டான்.

கைபேசியை எடுத்துக் குழுவில் எழுதினாள். எழுதும்போதே பூட்டுப் படம் கண் முன்னால் வந்தது. "தப்பு என்னுடையதுதான். உங்களைக் கேட்காமல் நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன்."

முதலில் பதில் சொன்னவர் யாரோ ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். "போன மாசம் நானும் இதையேதான் செஞ்சேன். ஒண்ணும் போயிடலை, பயப்படாதீங்க. நத்தை வந்துட்டிருக்கு."

நத்தை வந்தது. "எதையும் தொடாதீங்க. திரையில தெரியற எழுத்தை மேலேயிருந்து அப்படியே படிச்சு அனுப்புங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இது பரீட்சை இல்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாகக் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் பதறிப்போய் உட்காருகிறவர்களிடம் அவள் சொல்வதும் இதையேதான். சுவரிலிருக்கிற எழுத்தைத் தப்பாகப் படித்துவிட்டால் அவமானம் என்று ஊகித்துச் சொல்கிற ஆட்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்.

படித்து அனுப்பினாள். அணைத்துப் போடச் சொன்னார்கள். ஒரு பட்டியல் வரும், அதில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். புதுத் திரை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நத்தை ஒரு மாற்றம் சொல்லும், "இப்ப எப்படி இருக்கு, முன்னைவிட மேலா, அதேதானா?" என்று கேட்கும், பதிலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்லும். ஒரு லென்ஸை மாற்றிவிட்டு அவள் கேட்கிற அதே கேள்வி. நாலாவது மாற்றத்தில் கோளாறு அகப்பட்டது: அட்டையை அவள் அளந்தது சரி, ஞாயிற்றுக்கிழமை அதைக் கம்ப்யூட்டரில் எழுதியபோது நீளத்தின் இடத்தில் அகலம் போய் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் இடம் மாற்றியதும் பிரிண்டர் கரகரவென்று அட்டையைத் தள்ளியது. இரண்டு கண்ணும் இருந்தன.

கணவர் உள்ளறையிலிருந்து வந்து அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல ஆளுங்க" என்றார். அவரிடமிருந்து அது ஒரு சொற்பொழிவுக்குச் சமம்.

அந்த அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். முப்பது பேர் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு கடை ஓய்ந்திருக்கும் மத்தியானங்களில் அவள் குழுவை எட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. பதில் சொல்லத் தெரியாது, ஆனால் கேட்க வந்தவர் பதறியிருக்கிறார் என்பதை எழுத்திலேயே கண்டுபிடித்து, "வாங்க, உட்காருங்க, கடைசியா என்ன மாத்தினீங்க?" என்று ஆரம்பித்து வைப்பாள். பாதிச் சிக்கல் அங்கேயே தெளிந்துவிடும்.

மூன்று மாதம் கழித்துக் கொழுந்தன் கடைக்கு வந்தான். ஃபிரேம்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். கண்ணாடி போடாதவன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன விஷயம்னு சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல அண்ணி. புது லேப்டாப். நம்ம மூணு நட்சத்திரத்துல வைஃபை எடுக்க மாட்டேங்குது. எங்க குழுவுல கேட்டேன்." கையிலிருந்த ஃபிரேமைத் திருப்பி வைத்தான். "பூட்டிட்டாங்க."

அவள் சிரிப்பை அடக்கப் பக்கத்திலிருந்த துணியை எடுத்து லென்ஸ் துடைத்தாள்.

"உங்க குழுவுல உங்க பேர்ல ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"உங்க பேர்லயே கேளுங்க. வேற டிஸ்ட்ரோன்னு வெளிப்படையா சொல்லிடுங்க. யாரும் கடிச்சிட மாட்டாங்க."

கேட்டான். "வாங்க" என்று ஏழு பேர் எழுதினார்கள். நத்தை சொன்ன வழியில் வைஃபை எடுத்துவிட்டது. நன்றி சொல்வதற்கென்று போனவன் அங்கே யாரோ நெட்வொர்க்கில் தவறாகச் சொன்னதைத் திருத்தினான், அதற்கு இன்னொருவர் சந்தேகம் கேட்டார், அவன் விளக்கினான். ஒரு வாரத்தில் அண்ணியைவிட அதிகமாக அங்கேயே குடியிருந்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிறு குழுவிலிருக்கும் உள்ளூர்க்காரர்கள் நூலகத்தின் மாடி அறையில் கூடுவார்கள். அண்ணியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்டு கொழுந்தனும் கிளம்பினான். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நத்தை ஒரு பெண் என்பது அங்கேதான் தெரிந்தது. லிஃப்ட் மெக்கானிக். ஐந்து நிமிஷத்தில் ஐம்பது வார்த்தை பேசவேண்டிய இடத்தில் ஐந்நூறு பேசினாள். நத்தை என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, வீட்டு இணையத்தின் வேகத்தைப் பார்த்து வைத்தது என்றாள். பேசிக்கொண்டே மூக்கில் வழுக்கிய கண்ணாடியை நிமிஷத்துக்கு ஒருதரம் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கார அக்காவால் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? "அதைக் கழட்டிக் குடுங்க" என்று வாங்கி, காதுப்பக்கத்து வளைவை விரலால் அழுத்தி, இரண்டு தடவை சரிபார்த்து மாட்டிவிட்டாள். அடுத்த கால் மணி நேரத்தில் மூன்று பேர் தங்கள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

கொழுந்தன் திரும்பிப் போகவில்லை. சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போது அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"அண்ணி, அடுத்த மாசம் எத்தனை மணிக்கு?"

"இதே நேரம்தான்."

"வைஃபை பத்தி என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. அறுபது ஸ்லைடு ஆகும்னு நினைக்கிறேன்."

"ஆறு போதும்" என்றாள் அவள்.

அவன் படியில் நின்று யோசித்தான். "பத்து?"

"சரி, பத்து" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.