முத்துப்பாண்டி ஓரத்தில் நிற்கும் படம்

முதலில் ஒரு திருத்தம். நான் டீச்சர் இல்லை.

முத்துப்பாண்டி இறந்துபோன செய்திக்குக் கீழே, ‘மாணவனை இழந்து வாடும் டீச்சரம்மாவுக்கு ஆறுதல்’ என்று நேற்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, சூப்பிரண்டாக ரிட்டையர் ஆனவள். யாருக்கும் பாடம் எடுத்ததில்லை.

அவரும் யாருக்கும் மாணவர் இல்லை. ஐம்பதை நெருங்கிய மனிதர்... ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நம் புகைப்பட வாட்ஸ்அப் குழுவில் என்னோடு சரிக்குச் சரி சண்டை போட்ட ஒரே ஆள்.

விவரம் தெரியாதவர்களுக்கு... நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியவர், வீடு இருக்கும் குன்றத்தூரில் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் எல்லோரும் அப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள்.

மாரடைப்பாம்.

குழுவில் அவர் முதலில் போட்ட படம் நினைவிருக்கிறதா? கம்பெனி வேலியில் வரிசையாக மாட்டியிருந்த சாப்பாட்டுப் பைகள். எல்லோரும் ‘செம’, ‘சூப்பர்ணே’ என்று போட்டீர்கள். நான், ‘வேலி சாய்ந்திருக்கிறது’ என்று எழுதினேன்.

“வேலி நேராத்தான் இருக்கு மேடம். ரோடுதான் சாஞ்சு கெடக்கு” என்று உடனே பதில் வந்தது.

கருத்து சொன்னால் காரணத்தோடு சொல்ல வேண்டும், ‘நைஸ் கிளிக்’ கூடாது என்பது நம் குழுவின் விதி. அதைக் கடைசிவரை மதித்தது நாங்கள் இருவர் மட்டும்தான். இதை இன்று சொல்லாமல் பிறகு எப்போது சொல்வது?

என் படம் ஒன்று. ஏரி, காலை வெளிச்சம், கரை சரியாகக் கீழ் மூன்றில் ஒரு பங்கில், நான்கு ஓரமும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். கான்வென்ட்டில் மார்ஜின் போடாத பக்கத்தை சிஸ்டர் படிக்கவே மாட்டார், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கம்.

அதற்கு முத்துப்பாண்டி எழுதியது: “எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். ஆனா ஆளு குடிவராத வீட்டுக்குள்ள போன மாதிரில்லா இருக்கு.”

கணவர் போன பிறகு தனியாக இருப்பவளிடம் சொல்கிற வார்த்தையா இது... ஒரு வாரம் பதில் போடவில்லை. பிறகு, ‘மாதிரில்லா அல்ல, மாதிரி இருக்கிறது’ என்று மட்டும் திருத்தி எழுதினேன்.

“திருநவேலியில அப்பிடித்தான் மேடம் மார்ஜின் போடுவோம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் படமெடுக்கப் போகும்போது, அவர் பெரும்பாலும் ஷிஃப்டிலிருந்து நேரே வந்து நிற்பார். யூனிஃபாரம், தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணில் தூக்கம். எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் எல்லோருடைய படத்துக்குள்ளும் வந்துவிடுவார்.

இருங்காட்டுக்கோட்டை பாபு கத்துவான்: “இன்னாண்ணே, மறுபடியும் ஃபிரேமுக்குள்ள வந்து நின்னுகினு கீறியே!”

“நான் எங்கடே வந்தேன்? நீதாம்ல கேமராவ என் பக்கம் திருப்புத.”

ஓரத்தில் அரை ஆள் நின்றால் முழுசாக எடு, இல்லாவிட்டால் வெட்டு என்று சொன்னவள் நான்தான். எல்லோரும் வெட்டித்தான் போட்டீர்கள். அவரே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் வெட்டுடே, தோள் தெரியுது” என்பார்.

வெட்டியது சரிதான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நேற்று குன்றத்தூருக்குப் போயிருந்தேன். சாவு வீடுகளுக்குப் போய்வருவது இந்த வயதில் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. மாடிப்படி ஏறி உட்காரவே நேரம் பிடித்தது.

மாலை போட்டு வைத்திருந்தது, கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். முகம் ஊதி, கலங்கி, தோளின் மேல் பாதி முத்திரை... யாரோ ஒருவர்.

அவர் மனைவி இசக்கியம்மாள் கணவரின் போனை என் கையில் கொடுத்தார். தள்ளத் தள்ளப் படங்கள். பஸ் ஜன்னல், ஹெல்மெட்டுகள், மழையில் ஒதுங்கி நிற்கிற பையன்கள், நாம் எல்லோரும். அவர் இல்லை.

“எத்தனை படம் எடுத்தாவ... அவ்வோ மொகம் ஒண்ணுலயும் இல்லியேம்மா. பதினாறாம் நாளைக்கும் இந்தப் படத்தத்தான் வைக்கணுமா?”

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னால் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் கேமராவில் இருக்கிற எல்லாவற்றையும் பார்த்தேன். வெட்டாத மூலப்படங்களை நான் அழிப்பதில்லை. ஒரே ஒரு படத்தில், இடது ஓரத்தில், ஒரு முழங்கையும் சாப்பாட்டுப் பையின் வாரும் இருக்கின்றன.

அவ்வளவுதான். நான் பார்த்து எடுப்பவள்.

நீங்கள் யாரும் அப்படிப் பார்த்து எடுப்பவர்கள் இல்லை. எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்... இன்றைக்கு அதை நம்பித்தான் கேட்கிறேன்.

நீங்கள் வெட்டிப் போட்ட படங்களின் மூலப்படம் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். போனிலேயே வெட்டியிருந்தால் பழையபடி ஆக்கிப் பாருங்கள். நடுவில் இருப்பதை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள். சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, தலைக்கு மேல் இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முகம் தெரிந்தால் போதும்.

போய் வாருங்கள், முத்துப்பாண்டி. ரோடு சாய்ந்துதான் இருக்கிறது. நேற்று உங்கள் கம்பெனி வேலி வரை போய் நின்று பார்த்தேன்.

மற்றவர்களுக்கு: கை கூப்பும் பொம்மை வேண்டாம், இதயம் வேண்டாம், வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். படம் இருந்தால் ‘இருக்கிறது’ என்றும், தேடியும் கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்றும், ஒவ்வொருவரும் உங்கள் பெயரோடு இங்கே கீழே எழுதுங்கள்.