தறி நிற்கும் அரைமணி நேரம்

தினமும் காலையில் குளித்துத் திருநீறு பூசி, முருகன் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் தறியை ஓட்டிவிடுவேன். "குறையில்லாம வெச்சிரு சாமி" என்று கேட்பேன். அத்தோடு என் வேலை முடிந்தது, மிச்சம் அவன் பாடு என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே எட்டு விசைத்தறி. நான் தறி பார்ப்பேன், என் மனைவி நூல் சுற்றித் தருவாள். அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. சாப்பாடு என்றால் வாய்ப்பக்கம் கை, ஆள் வந்திருந்தால் வாசல்பக்கம் கை. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இந்தச் சாடைதான் எங்கள் குடித்தனம்.

போன வருஷம் அவளைக் கோயமுத்தூரில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். தறிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது, வலதில் பாதிதான் மிச்சம், அதுவும் குறையும் என்றார். "தறி எப்பங்க நிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

"கரண்டு போனா நிக்குமுங்க" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில், அவள் நிதானமாகப் பேசி நான் கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. அவளுக்குக் காது கேட்கிற காலத்துக்குள் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே நூல் சுற்ற வேறு ஆள் போட்டேன். மத்தியானம் ஒரு மணிக்கு எட்டுத் தறியையும் நிறுத்தினேன். சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?"

"இல்ல அம்மணி. நாந்தான் நிறுத்துனேன்."

"ஆரு தவறிட்டாங்க?"

சாவுக்குத்தான் நாங்கள் தறியை நிறுத்துவது.

"ஆரும் தவறல. சோறு போடு, பேசிட்டே சாப்பிடலாம்."

"அதுக்கு ஏனுங்க கத்தறீங்க? பக்கத்துலதான நிக்கறேன்" என்றாள்.

முதல் பத்து நாள் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. ரசம் நல்லா இருக்குது என்பேன், "ம்" என்பாள், அதற்குள் ஒன்றரை ஆகிவிடும். சாமியிடம் கேட்டால் சந்தோஷம் வந்துவிடும் என்றிருந்தவனுக்கு, அதற்காகத் தினமும் போய் உட்கார வேண்டும் என்பது புதுசு.

அப்புறம் ஒரு நாள், துணியை அன்றைக்கே அனுப்பியாக வேண்டும் என்று தறியை நிறுத்தவில்லை. நீ சாப்பிடு என்று தறிப்பக்கமிருந்தே கையைக் காட்டிவிட்டேன். மூன்று மணிக்குப் போனால், சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒண்ணு சொல்லலாம்னு இருந்தனுங்க. மறந்துபோச்சு" என்றாள். மறக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் மணி ஆகுமுன்னே நிறுத்திப்போட்டு வந்து உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"தறி நின்னாலும் எனக்கு நிக்கறதில்லீங்க. ரெண்டு வருஷமா காதுக்குள்ள ஓடிட்டேதான் இருக்குது. பைத்தியம்னு சொல்லிப்போடுவாங்கன்னு டாக்டருகிட்டயும் சொல்லல."

ரெண்டு வருஷம், ஒரே வீட்டில். அமைதி என்று நினைத்து நான் கொடுத்த அரைமணி நேரமும் அவளுக்கு இரைச்சலாகத்தான் இருந்திருக்கிறது.

"பின்ன எதுக்கு அம்மணி தெனமும் வந்து உக்காந்தே?"

"நீங்க பேசறப்ப அது கொஞ்சம் அமுங்குதுங்க."

மறுபடி டாக்டரிடம் போனோம். அந்த இரைச்சல் முழுசாகப் போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் ஒரு மணியைத் தவறவிட்டதில்லை. பேச்சு கிடைக்காத நாளில் பேப்பரை எடுத்துக் கிணத்துக்கடவுத் தேங்காய் விலையை வாசிப்பேன். எங்களுக்கு ஒரு தென்னைகூடக் கிடையாது. அவள் வலது காதைத் திருப்பிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்பாள்.