நாளைக்கு என்று சொன்ன ஆபரேஷன்

என் பதினொரு வயது மகளுக்கு மூளையில் கட்டி. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்பு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். தலையைத் திறந்து நீல வெளிச்சம் அடித்தால் கட்டி சிவப்பாக மினுங்கும், எதை எடுப்பது என்று கண்ணுக்குத் தெரியும் என்றார் திருவனந்தபுரத்து டாக்டர். பிள்ளைகளுக்கு வரும் சில கட்டிகள் மினுங்காது என்றும் சொன்னாராம். அதற்குள் நான் மயங்கி விழுந்திருந்தேன். தள்ளுநாற்காலியில் என்னைத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மகள் என் செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் நடந்து வந்தாள்.

“ஆபரேஷன் வியாழக்கிழமையாக்கும். புதன்கிழமை மண்டைக்காட்டுக்குப் போய் மண்டையப்பம் படைச்சிட்டு வாருங்க” என்றாள் மனைவி. தலையில் நோவென்றால் அந்தக் கோயில் பகவதிக்கு அந்த அப்பத்தை உருட்டி அவித்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனைவிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அது எனக்கு உறைக்கவில்லை. முதல் பஸ்ஸில் போனேன். பூசாரி நட்சத்திரம் கேட்டார்; பதற்றத்தில் என்னுடையதைச் சொல்லிவிட்டு, பிறகு பகவதியிடம் மன்னிப்புக் கேட்டு மகளுடையதைச் சொன்னேன்.

மூன்று மணிக்கு அப்பத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் கட்டில் காலி. ஜன்னலில் கறுப்புத் துணி. மருந்து குடித்த பிள்ளைக்கு வெயில் ஆகாது, அறையை இருட்டாக்குவோம் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். ஆபரேஷன் நாளைக்குத்தானே, இன்னும் குடிக்காத பிள்ளைக்கு எதற்கு இருட்டு?

“எப்போ?” என்றேன், கட்டிலருகே நின்ற மனைவியிடம்.

“காலையிலேயே. முடிஞ்சாச்சு. ஐசியுவில கண்ணு முழிச்சிட்டா.”

“என்னை ஏமாத்திப்போட்டியே! நான் அவளுக்க அப்பன் இல்லியா?”

“நான் இல்ல. அவளாக்கும் சொன்னா. அப்பா வாசல்ல நின்னா அவியள நினைச்சே எனக்குப் பயமா இருக்கும், எங்கயாவது அனுப்புங்கம்மான்னு.”

மனைவி ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இதை யாரிடம் போடுவது?

“மினுங்கிச்சா?”

“பாதிதானாம். மினுங்காத இடத்தை மைக்ராஸ்கோப்புல பாத்து எடுத்திருக்காவ. மிச்சம் இருக்கான்னு ஸ்கேன்ல தெரியும்.”

ஐசியுவில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். மகளுக்குத் தலை முழுக்கத் துணிக்கட்டு.

“அப்பா, விழுந்தியளா?”

“இல்ல மக்கா.”

கண்ணை மூடிக்கொண்டாள். இனி என்னைப் பற்றிய கவலை இல்லை போலும்.

ஸ்கேன் நாளைக்கு என்றாள் மனைவி. நாளைக்குத்தானா என்று நர்ஸிடம் தனியாகப் போய்க் கேட்டேன். வரும் வழியில், தள்ளுநாற்காலியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டேன்.