தொப்பி தைக்கும் பெண்ணின் படம்

இன்று ஹனோவர் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய ஓவியத்தின் முன் நானும் மனைவியும் நின்றோம். தொப்பி தைக்கும் பெண் ஒருத்தி, கன்னத்தில் பச்சை வண்ணம் தீற்றிய களைத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

எண்பத்தாறில் ஜெர்மனிக்கு அகதியாக வந்த புதிதில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. மனைவிதான் ஒரு தொப்பிக் கடையில் தைத்தாள். மாலையில் இதே முகத்தோடுதான் வீட்டுக்கு வருவாள். அவளை அப்படிக் களைக்க வைத்துவிட்டேனே என்ற கவலை இன்றுவரை எனக்குள் இருந்தது.

"நீரும் அப்ப இப்பிடித்தான் களைச்சுப்போய் வாறனீர்" என்றேன்.

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது களைப்பில்லையப்பா. நீங்கள் இண்டைக்கு என்னத்தைச் சமைச்சு வைச்சிருக்கிறீங்களோ எண்டு யோசிச்சுக்கொண்டு வாறனான்."

இன்றைக்கும் என் சமையல்தான். சாப்பிட வருகிறவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். அவளுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமாம்.