பத்து புள்ளி எட்டு

பத்து புள்ளி எட்டு என்று எழுதி, அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் பத்து புள்ளி இரண்டு என்று திருத்திய ஒரு விடைத்தாள். தாள் என் பெஞ்சுத் தோழியுடையது. திருத்தச் சொன்னவள் நான்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையிலுள்ள கரைசல் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்தி, எத்தனை மில்லி இறங்கியது என்று குறிக்க வேண்டும். லேப் உதவியாளர் முன்கூட்டியே காதோடு சொல்லியிருந்தார்: "பத்து புள்ளி ரெண்டு வரும்." வகுப்பே அதை எழுதியது. அவள் மட்டும் பியூரெட் முனையில் நின்ற காற்றுக் குமிழை வெளியேற்றி, கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைத்து, மூன்று முறை செய்து பார்த்தாள்.

"மூணு தடவையும் பத்து புள்ளி எட்டுதான்டி வருது."

"எங்கயோ கூட விட்டுட்ட. மாத்திடு," என்றேன். சொன்னபோது அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியூர்ப் பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், தாள்களைப் பார்த்துக்கொண்டே வந்து அவளிடம் நின்றார். "இதை ஏம்மா அடிச்சே? காலைல நானே கரைசலை மாத்திக் கலந்து வச்சேன். நீ அடிச்சதுதான் சரி."

என் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று நின்றேன்.

"பயத்துல நானே அடிச்சிட்டேன் சார்," என்றாள்.

அடித்த விடைக்கு மதிப்பெண் போட வழியில்லை என்று அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு நகர்ந்தார். தப்பாக எழுதிய எங்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணே அவளுக்கும் குறைந்தது. எனக்கு மற்ற பாடங்கள் கைகொடுத்தன. அவள் ஆசைப்பட்ட வேளாண்மைக் கல்லூரி ஒரே மதிப்பெண்ணில் கைநழுவியது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இன்று நானே வேதியியல் ஆசிரியை. பிழைக்கான காரணங்கள் என்று குமிழையும் கண்மட்டத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன்.

போன மாதம் திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். கணவரோடு உரக்கடை நடத்துகிறாளாம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் செஞ்சே பாக்கலடி. சும்மா எழுதினேன்."

"தெரியும்டி. உன் பியூரெட்ல ஒரு சொட்டுகூட இறங்கலையே."

எடுத்த சோறு என் கையிலேயே நின்றது. "தெரிஞ்சுமா அடிச்சே?"

"நீ ஃபர்ஸ்ட் ரேங்க். செய்யாமலே உனக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றவள், ரசம் கொண்டுவந்தவரைப் பார்த்து, "இவங்களுக்கு முதல்ல ஊத்துங்க," என்றாள்.