எர்த் குழி தோண்டிய ஞாயிற்றுக்கிழமை

சரவணம்பட்டியில் நான் வண்டி ஓட்டும் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரு நாள் டிரைவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் மின்சாரக் கார்களுக்குத்தான் ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு வருடம் ஓட்டிய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு, கடன் போட்டு மின்சாரக் கார் எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த மாதிரி நிலையான வேலை இன்னொன்று கிடைக்காது என்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும்.

காலையில் இரண்டு நடை ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டும். மதியம் மூன்று மணிக்கு, விடியலில் வேலைக்கு வந்த பெண்கள் வெளியே வருவார்கள். அவர்களைத் துடியலூர், கவுண்டம்பாளையம் பக்கம் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலம் இன்னொரு நடை. காலை நடைக்கும் மதிய நடைக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம்தான் இடைவெளி. சார்ஜ் போடுவதென்றால் அதற்குள் போட வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் போனால் ஊரில் உள்ள டாக்ஸி எல்லாம் அங்கேதான் நிற்கும்.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். சத்தம் இல்லை, புகை இல்லை, ஏ.சி. போட்டால் இழுவை குறைவதில்லை. சார்ஜ் போடுகிற இடம்தான் என்னை உலுக்கி எடுத்தது.

அங்கே பெட்ரோல் பங்கு மாதிரி ஆள் கிடையாது. செல்போனில் ஒரு ஆப் இருக்கிறது, அதில்தான் எல்லாம். முழுக்க இங்கிலீஷ். எழுத்துக் கூட்டினால் எனக்கு வரும். ஆனால் பின்னால் இன்னொரு வண்டி நிற்கும்போது எழுத்துக் கூட்ட வராது. அதனால் கட்டங்களின் இடத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதலில் கீழே வலது மூலை, பிறகு நடுவில் நீலக் கட்டம், பிறகு மேலே பச்சை. ஒரு மாதம் நன்றாகவே நடந்தது. ஒரு நாள் திறந்து பார்த்தால் எல்லாக் கட்டமும் இடம் மாறி இருந்தது. ஆப்பைப் புதுசு பண்ணியிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அமுக்கிப் பார்க்கிறேன், பார்க்கிறேன், எங்கெங்கோ போகிறது.

பின்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க, சார்ஜ் போடறீங்களா, இல்ல செல்லுல படம் பாக்கறீங்களா?"

"நீங்க போட்டுக்குங்க" என்று வண்டியை ஒதுக்கிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு மணி நேரம் போட்ட பிறகு, அவரிடமே கட்டங்களைக் கேட்டுத்தான் நான் போட்டேன். அன்று மூன்று மணிக்குப் போக வேண்டியவன் மூன்றே முக்காலுக்குப் போனேன். பெண்கள் நாலு பேரும் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏறும்போது துப்பட்டாவால் வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

இத்தனைக்கும் வீட்டு வாசலிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொல்லி எனக்கு ஒரு தடவை வாய்ப்பு வந்தது. அதை நானேதான் கெடுத்துக்கொண்டேன்.

நாங்கள் துடியலூரில் ஒரு ரிட்டயர்டு டீச்சரின் வீட்டில் பின்பக்கம் இரண்டு அறையில் குடியிருக்கிறோம். எங்கள் பக்கத்து ஒயர் மெல்லியது, காரின் சார்ஜரைத் தாங்காது. டீச்சருடைய போர்டிகோவில் வாஷிங் மெஷினுக்குப் பெரிய ப்ளக் இருக்கிறது. கார் வாங்கி வந்த அன்றே டீச்சர் வெளியே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, அவர்களாகவே சொன்னார்கள்.

"இதுக்கு சார்ஜ் போட எங்க தம்பி போவீங்க? இங்கயே இந்த ப்ளக்குல போட்டுக்குங்களேன். தனியா ஒரு மீட்டர் வெச்சுக்கிட்டாப் போச்சு."

"இருக்கட்டுங்க டீச்சர். உங்களுக்கெதுக்குங்க சிரமம்."

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒன்றைத் தந்தால் முதல் தடவையே கையை நீட்டுவது வழக்கமில்லை. காப்பியானாலும் சரி, பஸ்ஸில் இடமானாலும் சரி, முதலில் இருக்கட்டும் என்போம். அவர்கள் மறுபடி சொல்வார்கள். எதுக்குங்க என்று இழுப்போம். மூன்றாவது தடவை அதட்டுகிற மாதிரி சொல்வார்கள், அப்போது வாங்கிக்கொள்வோம். அன்று இரண்டாவது தடவை சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தார்கள் என்று இப்போதும் நம்புகிறேன். அந்த நேரம் பார்த்து வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் கூப்பிட்டான். டீச்சர் உள்ளே போய்விட்டார்கள். தூசி இல்லாத கண்ணாடியை அரை மணி நேரம் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை.

வீட்டுக்குள் போனதும் மனைவி கேட்டாள்.

"டீச்சர்கிட்ட ப்ளக்குக்குக் கேட்டீங்களா?"

"அவங்களே சொன்னாங்க."

"அப்பறம்?"

"இருக்கட்டுங்கன்னேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கப்பன் பலகாரம் வெச்சப்பவும் இதையேதான் சொன்னீங்க. எங்கப்பன் மூணு தடவை சொன்னாரு, பொழச்சீங்க. நான் போய்க் கேக்கட்டுமா?"

"வேண்டாம். நான் கேட்டுக்கறேன்."

கேட்காமலே ஒன்றரை மாதம் ஓடியது. தினமும் கேட்க நினைப்பேன். டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் ஐந்தாம் வகுப்பில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். வேண்டாம் என்று சொன்னதை எப்படி வேண்டும் என்று மாற்றுவது?

இரண்டாவது தடவை தாமதமானது சார்ஜ் போடும் இடத்தில் இரண்டு சார்ஜர் குழாயில் ஒன்று வேலை செய்யாததால். அது ஒரு சனிக்கிழமை. கம்பெனி கேட்டில் நேரம் எழுதுகிற சூப்பர்வைசர் என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"அண்ணா, உங்களைப் பத்தி ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல. ஆனா இன்னொரு தடவை லேட்டுன்னா மேல இருந்து வண்டிய மாத்தச் சொல்லிருவாங்க. அப்பறம் எங்கிட்டக் கேக்கக் கூடாது."

"இனி ஆகாதுங்க" என்றேன். எப்படி ஆகாமல் போகும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டீச்சரிடம் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆள் இல்லாத வண்டியில் நன்றாகத்தான் வந்தது. டீச்சர் போர்டிகோவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். வழியில் கட்டி வைத்த வாக்கியம் ஒன்றும் நினைவில் இல்லை.

"டீச்சர், அந்த வாஷிங் மெஷின் ப்ளக்குங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"வண்டிக்கு அது வேணுமுங்க."

டீச்சர் பேப்பரை மடித்தார்கள். "அன்னைக்கு நானாச் சொன்னப்ப மாட்டேன்னு சொல்லிப்போட்டு, இன்னைக்கு வந்து கேக்கறீங்க?"

"அது மொதல் தடவைங்க டீச்சர்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்கள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்கள். "அப்ப ரெண்டாவது தடவையும் நான் தேடி வந்து சொல்லியிருக்கோணுமாக்கும்."

சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "இப்ப ஒரு சங்கடம் தம்பி. எம் பையன்கிட்டச் சொன்னேன். வேண்டவே வேண்டாங்கறான். தீப் புடிச்சுக்குமாமே. நான் ஒருத்தி இருக்கற ஊடு."

வேறு நாளாக இருந்தால் சரிங்க டீச்சர் என்று செருப்பை மாட்டியிருப்பேன். ஆனால் சூப்பர்வைசரிடம் வார்த்தை கொடுத்திருந்தேன்.

"நாளைக்கு எலக்ட்ரீஷியனக் கூட்டியாறனுங்க. ஒயரு, போர்டு எல்லாம் பாக்கட்டும். அவரு ஆகாதுன்னா நான் அப்பறம் கேக்கவே மாட்டனுங்க. ஆகும்னா நீங்க ஒத்துக்கோணும்."

"இம்புட்டுப் பேசுவீங்களா நீங்க?"

"இல்லீங்க டீச்சர்."

"சரி, கூட்டியாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் பாய் டவுனிலிருந்து வந்தார். உக்கடம் பக்கத்துக்காரர், நாற்பது வருடமாக ஒயரிங் வேலை செய்கிறவர். ஒயரைப் பார்த்தார், போர்டைக் கழற்றிப் பார்த்தார், நல்ல ஒயர் என்றார். எனக்கு மூச்சு வந்தது. வண்டியோடு கொடுத்த சார்ஜர் பெட்டியை எடுத்து ப்ளக்கில் சொருகினேன். பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு மின்னியது. கழற்றிச் சொருகினேன். மறுபடியும் சிவப்பு.

"வண்டி போச்சுங்களா பாய்?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது. சீக்கு இந்த ஊட்டுக்கு" என்றார் பாய். பையிலிருந்து ஒயர் கோத்த ஒரு குண்டு பல்பை எடுத்தார். ப்ளக்கின் இரண்டு துளையில் வைத்தபோது பல்ப் எரிந்தது. ஒரு முனையை மேலே இருக்கும் பெரிய துளைக்கு மாற்றினார். எரியவில்லை. "பாத்தீங்களா? எர்த் செத்துப்போச்சு. எங்கியாச்சும் கரண்ட் கசிஞ்சா அது மண்ணுக்குள்ள எறங்கோணும். இங்க எறங்க வழியில்ல. மத்த மெஷினெல்லாம் அதக் கண்டுக்காது. இந்தப் பெட்டி மட்டும் எர்த் இல்லாத எடத்துல சார்ஜ் ஏத்தாது."

கேட்டுக்கொண்டிருந்த டீச்சர் மெதுவாகச் சொன்னார்கள். "ஏனுங்க பாய், இந்த வாஷிங் மெஷினத் தொட்டா விறுவிறுங்கும். மெஷின்னா அப்படித்தான்னு இருந்தேன்."

அப்போதுதான் எல்லோரும் கீழே பார்த்தோம். மெஷினுக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. கால் வழுக்காமல் இருக்கப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். டீச்சர் ஏழெட்டு வருடமாக ஷாக் அடிக்காமல் இருக்க அதன் மேல் ஏறி நின்று துணி போட்டு வந்திருக்கிறார்கள்.

பாய் தலையில் கை வைத்தார். "பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு என்னத்தம்மா சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் தமிழ் டீச்சருங்க" என்றார்கள் டீச்சர்.

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உங்களுக்கு அவசரம்னு தெரியுது. போர்டுக்குள்ள ஒரு சின்ன ஒயர் முடிச்சுப் போட்டா இந்தப் பெட்டி ஏமாந்து பச்சை காட்டும். அஞ்சு நிமிசம். செல பேரு செஞ்சு குடுக்கறாங்க. ஆனா என்னைக்காவது ரோட்டு லைன்ல ஒரு ஒயரு அந்துச்சுன்னா, வண்டியத் தொட்டவங்க எந்திரிக்க மாட்டாங்க. நான் செய்ய மாட்டேன். வேற ஆளு வேணுமுன்னா பாத்துக்குங்க."

வண்டியை ஒட்டி நின்று மெஷினில் துணி போடுகிற டீச்சரை நினைத்தேன். பக்கத்தில் கோலம் போடுகிற என் மனைவியை நினைத்தேன்.

"வேற வழி என்னங்க பாய்?"

"புதுசா எர்த் குழி. ஆறடி. ஞாயித்துக்கெழமை ஆள் கெடைக்காது."

"ஆள் இருக்குதுங்க" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்பு வரை கூலிக்கு மண் வெட்டியவன் நான். ஆப்புக்கு முன்னால் நிற்பதைவிடக் கடப்பாரை எனக்கு லேசு. பாய் மதியத் தொழுகையை முடித்துக்கொண்டு எர்த் ராடும் கம்பியும் வாங்கி வருவதாகப் போனார். காம்பவுண்டுச் சுவரோரம் அவர் காட்டிய இடத்தில் ஒன்பதரைக்குத் தோண்ட ஆரம்பித்தேன். முதல் மூன்றடி செம்மண், ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அதற்குக் கீழே பாறை மாதிரி இறுகிப்போன சுக்காங்கல். கடப்பாரையைப் போட்டால் கை அதிர்ந்தது, விரற்கடை அளவுதான் பெயர்ந்தது. மனைவி சட்டியில் மண்ணை வாங்கி வாங்கிக் கொட்டினாள். டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார்கள்.

வண்டியில் இருபத்திரண்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. மதியத்துக்குள் கிளம்பினால் அவிநாசி ரோட்டுச் சார்ஜ் போடும் இடத்தில் வரிசையில் நின்று திங்கட்கிழமைக்குப் போட்டுக்கொள்ளலாம். மனைவி அதைத்தான் சொன்னாள். "போய்ப் போட்டுட்டு வாங்க. குழி அடுத்த வாரம் ஆகட்டும்."

"செவ்வாய்க்கெழமைக்கு?" என்றேன். அவள் சட்டியை நீட்டினாள்.

இரண்டரை மணிக்குப் பாய் வந்து எட்டிப் பார்த்தார். நாலரை அடி வந்திருந்தது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது.

"போதுங்களா பாய்?"

"மழைக்காலத்துக்குப் போதும். சித்திரையில காஞ்சுதுன்னா மறுபடியும் சிவப்புதான் காட்டும். ஆறடின்னா ஆறடி."

நான் மறுபடியும் இறங்கினேன். ஐந்தடிக்குக் கீழே கல் முடிந்து ஈர மண் வந்தது. கடைசி ஒரு அடி அரை மணி நேரத்தில் முடிந்தது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு மூட்டை கரி வாங்கி வந்தோம். ராடை நடுவில் நிறுத்தி, கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு, மண் ஒரு அடுக்கு என்று போட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றி மூடினோம். டீச்சர் வீட்டுத் தண்ணீர் பில்டரில் வீணாக வெளியேறுகிற தண்ணீரைக் குழாய் போட்டு அந்தக் குழிக்கே திருப்பிவிட்டார் பாய். அப்போதுதான் கோடையிலும் ஈரம் நிற்குமாம்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் குண்டு பல்பை மறுபடியும் பெரிய துளைக்கு வைத்தார். பளிச்சென்று எரிந்தது. டீச்சர் மரப்பலகையைக் காலால் தள்ளிவிட்டு, வெறும் தரையில் நின்று ஒரு விரலால் வாஷிங் மெஷினைத் தொட்டார்கள். பிறகு முழுக் கையையும் வைத்தார்கள்.

"ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணும் இருக்கக் கூடாதுங்கம்மா" என்றார் பாய். "போங்க, உங்க பையனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

நான் சார்ஜர் பெட்டியைச் சொருகினேன். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, பச்சை வந்தது. வண்டிக்குள் உட்கார்ந்து சதவீதம் இருபத்து மூன்றாக மாறுகிறவரை பார்த்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன்.

திங்கட்கிழமை காலை இரண்டு நடையும் முடித்துவிட்டு, முதல் தடவையாக வேலை நாளில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். இரண்டே கால் மணிக்குக் கம்பெனி கேட்டில் என் வண்டிதான் முதலில் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது உள்ளங்கை எரிந்தது. சூப்பர்வைசர் நோட்டோடு வந்தார். என் வண்டி நம்பரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரத்தை எழுதிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.